மாயவன் துணை

மகள் பிரசவத்துக்கென்று பத்து நாள் துணியோடு
புவனகிரி வந்தவள்
எழுபத்தோராம் நாள் காலையில்
மருமகன் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
படிவம் காரணம் கேட்கிறது.
திருமணம். மருத்துவம். மரணம்.
படகில் மழைத்தண்ணி நிற்கும், போய் இறைக்கணும் என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

"மரணம் போடுங்க மாப்ள."
"யாரு அத்தை?"
"மாயவன்."
"மாமாவா!"
அவர் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

பொய்யென்று சொல்ல முடியாது.
நாலு வருஷத்துச் சான்றிதழ் பையிலேயே இருக்கிறது.
குழுக் கடனுக்கு, ரேஷன் கார்டுக்கு,
கேட்ட இடத்திலெல்லாம் நீட்டி நீட்டி
லேமினேஷன் ஓரம் பிளந்துவிட்டது.
படகுக்கும் அவர் பெயர்தான்.
இரண்டில் எது செத்தது என்று
படிவம் கேட்கவில்லை.

கொள்ளிடம் பாலத்தில் இரும்புத் தடுப்பு.
டிவிஎஸ்ஸை ஓரம் கட்டச் சொன்ன காவலருக்கு
முகக்கவசத்து மூச்சு
மூக்குக் கண்ணாடியில் ஏறியிருந்தது.
பெயர் தெரிந்தது, தேதி தெரியவில்லை.
"என்ன வயசு?"
"நாப்பத்தொம்போது."
"இதுவா?"
எது என்று அந்த வருஷம் யாரும் யாரையும் கேட்டதில்லை.
"இல்ல சார், நெஞ்சுவலி."
தடுப்பை ஒரு ஆள் அகலம் நகர்த்தினார்.
உயிரோடு இருந்தபோது
அவரை இவ்வளவு பொறுமையாக
யாரும் விசாரித்ததில்லை. நானும்தான்.

பழையாறு.
வருஷா வருஷம் மீன் சினைபிடிக்கட்டும் என்று
கடலைத்தான் சாத்துவார்கள்.
இந்த வருஷம் கரையையும் சாத்திவிட்டார்கள்.
வலைக்கூடத்தில் ஆள் இல்லை, ஐஸ் இல்லை,
ஏலம் போடுகிற சத்தம் இல்லை.
கருவாட்டு நாற்றம்கூட இல்லாத பழையாறை
அன்றுதான் மூக்கில் வாங்கினேன்.

வாய்க்காலில் கட்டியிருந்த படகில்
தார்ப்பாயைக் காற்று தின்றுவிட்டது.
அணியத்தில் எழுதிய 'மாயவன் துணை'யில் 'ணை' உரிந்து
மாயவன் து
என்று நின்றது.
யாரைத் துப்புகிறாய், துப்பினால் ஐந்நூறு அபராதம் என்றேன்.

முழங்காலளவு தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள்
ஊரடங்கு தெரியாமல் கூட்டம் கூடிக் கிடந்தன.
பெயிண்ட் டப்பாவால் இறைத்தேன்.
நூறு வரை எண்ணினேன்.
அப்புறம் தோள்பட்டைதான் எண்ணியது.
இடுப்பளவு இறங்கி
அடியில் ஒட்டிய கொட்டலசை அரிவாள் முனையால் சுரண்டினேன்.
விரலைக் கிழித்தது. கிழிக்கட்டும்.
வீட்டில் யாரும் தொடாத கை,
சோப்புப் போட்டுப் போட்டு வெளுத்த கை.
மருமகன் கரையில் நின்றபடி
கயிற்றுக்குச் சானிடைசர் அடித்துக்கொண்டிருந்தார்.
நைந்த கயிற்றை அவிழ்த்து எறிந்தேன்.
அதையும் அடித்தார்.

எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்
கைப்பிடியைச் சுழற்றினேன். அசையவில்லை.
அவரும் இப்படித்தான், எழுப்பினால்
ஏழெட்டுத் தடவை கெட்ட வார்த்தை வாங்கித்தான் எழுவார்.
வாங்கிக்கொண்டது.
இருமியது.
இன்னொரு முறை, நெஞ்சைப் பிடுங்குகிற மாதிரி.
சாத்தியிருந்த கதவுகள் மூன்று திறந்தன.
யாரது, யாருக்கு, என்று ஒரு குரல்
மாடியிலிருந்து பயந்து கேட்டது.
"மாயவனுக்கு!" என்று கத்தினேன்.
பிறகு புகை சீராகி
டபடபவென்று வாய்க்கால் முழுக்க அதன் பேச்சு.
பத்து நிமிஷம் ஓடவிட்டேன்.
போவதற்கு இடம் இல்லை. கட்டின இடத்திலேயே
முன்னால் போகப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது அதே பாலம், அதே காவலர்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்திருந்தார்.
தலை நனைந்து, சேலை நனைந்து
முழுகிவிட்டு வந்தவள் மாதிரிதான் இருந்திருப்பேன்.
டீசல் வாடை எட்டியிருக்குமா தெரியவில்லை.
"எல்லாம் முடிஞ்சுதாம்மா?"
மருமகன் ஆக்ஸிலேட்டரைப் பார்த்தார்.
"இன்னும் இல்ல சார்," என்றேன்.
"பதினாறாம் நாள்
காரியத்துக்கு வரணும்."